சௌரி சாமியின் சைடுகார்

1. அடைக்கோழி

சைடுகாருக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டியதும் கொத்த வந்தது.

"அதத் தொடாத தம்பி," என்றார் தோப்புக்காரர் ராமையா. "இப்பத்தான் முட்ட வச்சிருக்கு. குஞ்சு பொரிச்சு எறங்கட்டும். பொறவு வந்து எடுத்துக்கோ."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்?"

"மூணு வாரம். கோழிய அவசரப்படுத்த முடியுமாய்யா?"

இது நடந்தது எண்பதுகளின் கடைசியில், கூமாப்பட்டி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில். அப்போது ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் எனக்கு ஒர்க்‌ஷாப் இருந்தது. முத்தையா என்று பெயர். கடையைக் கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பேச்சுக்குத்தான். பத்து வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். பிறவிக் குணம். கடையில் ஒரு வண்டி பிரித்தபடி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து பெஞ்சில் இன்னொருவன் ஸ்பேனரை மெதுவாகத் திருப்பினால்கூடப் பிடுங்கி நானே திருப்புவேன். அப்பேர்ப்பட்டவனை ஒரு கோழி நிறுத்தி வைத்தது.

என்னோடு வாடகைக் காரில் வந்திருந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி. தம்பி வரதன் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் சௌரிராஜன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் ஊருக்குள் போய்வருவார். ஆண்டாள் கோயிலே கதி என்று இருக்கிற ஐயங்கார் குடும்பம். நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

சௌரி சாமி காரை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன ஓய், எனக்கு முன்னாடியே ஒருத்தி சீட் போட்டுட்டாளா?"

விஷயம் இதுதான். அவருக்கு பத்ரிநாத் போகவேண்டும். அதுவும் மோட்டார் சைக்கிளில். தம்பி ஓட்ட, தான் சைடுகாரில். முதல் தடவை கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கேட்டேன், ரயிலில் ரிஷிகேஷ் வரைக்கும் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் என்ன என்று. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரயில்ல ஏறணும்னா ஒருத்தன் கக்கத்துல கை குடுக்கணும், ஒருத்தன் காலைப் பிடிக்கணும். பஸ்லயும் அதேதான். இத்தனை வயசு வரைக்கும் மூட்டையாவே ஊர் சுத்தியாச்சு. ஒரு தடவையாவது பிரயாணியாப் போகணும் ஓய்."

எனக்கும் எங்காவது கிளம்பவேண்டும் என்ற அரிப்பு எப்போதும் உண்டு. தென்காசியைத் தாண்டி ஒரு நாள்கூட வண்டி ஓட்டியதில்லை என்ற எரிச்சலும் உண்டு. நான் போகாவிட்டாலும் என் கை பட்ட வண்டியாவது போகட்டுமே என்று தோன்றியது.

அந்த வண்டி பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட புல்லட். ராமையா பட்டாளத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்து ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரே குறை, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தவர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். சைடுகார் கோழிக்கு ஆயிற்று.

பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. சேஸிஸில் விரிசல் இல்லை. சைடுகாரைக் கோழிக்கே விட்டுவிட்டு வண்டியை மட்டும் கழற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தேன். வரதனுக்குக் கோடை விடுமுறை விட்டதும் கிளம்பவேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பவேண்டும். அந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம்தான்.

2. பிரித்தது

வண்டியைப் பிரிக்கப் பிரிக்க எனக்குப் பரபரப்பு ஏறியது. வயரிங் முழுக்க அணில் கடித்திருந்தது. சைலன்சருக்குள் குளவி மண்கூடு. பிஸ்டன் ஜாம். பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். மறுநாள் வரை ஊறவேண்டும். நான் மணிக்கொரு தரம் போய்க் கிக்கரை மிதித்துப் பார்த்தேன். கடைசியில் கிக்கர் வளைந்ததுதான் மிச்சம்.

சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கவும் புஷ் போடவும் சங்கர ராஜாவிடம் போவேன். மில்களுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற லேத் அவருடையது. நல்ல கை. ஆனால் அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவர் ஒரு தடவை கடைந்துவிட்டு மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார், டீ குடிப்பார், மறுபடியும் அளப்பார். நான் பக்கத்தில் நின்று காலை மாற்றிக்கொண்டே இருப்பேன்.

"தொந்தர ஒத்து ஐயா," என்பார். தெலுங்கில் அவசரம் வேண்டாம் என்று அர்த்தம். "நீ இப்பிடிப் பக்கத்துல நின்னு ஆடுனா லேத்தும் சேர்ந்து ஆடும். போய் மில் சங்கு ஊதுனப்புறம் வா."

சங்கு ஊதுவதற்குள் நான் மூன்று தடவை போய் வந்துவிடுவேன்.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஓவர்சைஸ் பிஸ்டன், புது பிக் எண்ட் பேரிங், கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் கிட், வயரிங் எல்லாம் புதிது. சைடுகார் இழுக்கவேண்டும், மலை ஏறவேண்டும் என்பதால் என்ஜின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைவானதாகப் பார்த்துப் போட்டேன். வேகம் குறையும், இழுவை கூடும். மூன்று சக்கரத்துக்கும் புது டயர் வாங்கினோம். முதல் கிக்கில் வண்டி பிடிக்கவில்லை. ஏழெட்டு உதையில் பிடித்தது. அது ஐடிலிங்கில் நின்று அடித்ததைக் கேட்டபோது சங்கர ராஜாவே தலையை ஆட்டினார்.

வரதன் வந்து வண்டியை எடுத்துப் போய் ஓட்டிப் பழகினார். அதற்கு முன் அவர் ஓட்டியது மொபெட்தான். நிதானமான ஆள். ஆனால் உள்ளுக்குள் பயம் உண்டு. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் தோள் இரண்டும் காதுவரை ஏறும்.

சைடுகார் மட்டும் வந்தபாடில்லை. கோழி எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் பஸ் ஏறி கூமாப்பட்டிக்கே போனேன். ராமையா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீ வந்து மொறச்சா அது சீக்கிரம் பொரிக்குமா? உக்காரு, செத்த நேரம் எளநி குடிச்சுட்டுப் போ."

ஒருவழியாகக் குஞ்சுகள் இறங்கின. தேங்காய் லாரியில் சைடுகார் ராஜபாளையத்துக்கு வந்தது. கழுவிக் கழுவிப் பார்த்தும் எச்ச வாடை போகவில்லை. சங்கர ராஜா சக்கரத்துக்குப் புது ஆக்சிலும் கன்மெட்டல் புஷ்ஷும் கடைந்து கொடுத்தார். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் வரதனிடம் இருந்தது. அதை மறுபடி இங்கே வரவழைத்து மாட்டுவதற்குப் பதிலாக, சைடுகாரை அங்கே அனுப்பி, நானும் டூல்ஸ் பையோடு போய், அவர்கள் வீட்டு வாசலில் வைத்தே மாட்டிவிட முடிவு செய்தேன். ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

3. நாலு முனை

சைடுகாரை போல்ட் போட்டு இறுக்கினால் போதும் என்று நினைக்கக்கூடாது. வண்டிச் சக்கரமும் சைடுகார் சக்கரமும் முன்பக்கம் சற்றே நெருங்கியிருக்க வேண்டும். டோ-இன் என்போம். வண்டி சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் இம்மியளவு சாய்ந்து நிற்கவேண்டும். அது லீன் அவுட். இவை இரண்டும் தப்பினால் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகவே இழுக்கும். இரண்டு நேரான மரச்சட்டங்களைச் சக்கரங்களோடு ஒட்டி வைத்து அளந்து அளந்து இறுக்கினேன். நம் ரோட்டில் இடது பக்கம் போகிறோம் என்பதால் சைடுகாரும் இடது பக்கம்தான்.

அவர்கள் வீடு கோயிலைச் சுற்றியிருக்கிற ரத வீதியில். தேர் ஓடுகிற வீதி என்பதால் நல்ல அகலம். சோதித்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் உண்டா? முதலில் சைடுகாரில் அரிசி மூட்டையை வைத்து நான் ஓட்டினேன். பிறகு வரதன் ஓட்டினார். பிறகு மூட்டையை இறக்கிவிட்டுச் சௌரி சாமியை உட்கார வைத்தோம்.

"சாமி, ஆடாம அசையாம உக்காருங்க. வண்டிய நாங்க பாத்துக்கிடுதோம்," என்றேன்.

"மூட்டை இருந்த இடத்துல நான். சரி, ஆகட்டும்," என்றார்.

கீழ ரத வீதி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிச் சுற்றி வந்தோம். நாலு முனையிலும் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பியது. வேகத்தைக் கூட்டியும் பார்த்தோம். ஆட்டம் இல்லை, இழுப்பு இல்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாமி, "என்னடா வரதா, வேண்டுதலா?" என்று கேட்டாள். வரதனுக்குத் தோள் இறங்கியிருந்தது. சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

எனக்கு ஒரு நிமிஷம்கூட வீணாக்க மனமில்லை. இரண்டு நாளில் கிளம்பிவிடலாம் என்றேன்.

4. கண்மாய்த் திருப்பம்

கிளம்புவதற்கு முன் திருவண்ணாமலைக்குப் போய்க் கும்பிட்டு வரலாம் என்றார் சௌரி சாமி. அவர் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கிற பெருமாள் கோயிலை. பக்கம்தான். படி ஏறமாட்டார், கீழே இருந்தே சேவித்துக்கொள்வார். அவர்கள் இருவரும் முன்னால் போக, நான் ஒரு மொபெட்டில் பின்னால் போனேன். என்ஜின் சத்தத்தைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கும்.

ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி ரோடு சட்டென்று இடது பக்கம் வளையும். வரதன் பெரிய வேகத்தில் போகவில்லை. ரத வீதியில் திரும்பிய அதே வேகம்தான். வண்டி திரும்பியது. சைடுகார் சக்கரம் ரோட்டை விட்டு எழுந்தது.

கொஞ்சமாக இல்லை. எனக்கு அந்தச் சக்கரத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. சௌரி சாமியின் தலை தம்பியின் தலைக்கு மேலே போனது. வரதன் பயந்து ஹேண்டில்பாரை நேராக்கினார். நேராக்கியதும் சைடுகார் தொப்பென்று கீழே விழுந்தது. ஆனால் வண்டி வளைவை விட்டு வலது பக்கமாகப் பாய்ந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, கரைச் சரிவில் இறங்கி, சீமைக்கருவேலப் புதருக்குள் போய் நின்றது. எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

நான் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். சௌரி சாமி புதருக்குள் நேராக உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் முள் கீறல்.

"என் கண்ணாடி எங்க பாரும்," என்றார்.

கண்ணாடி மடியிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். துடைத்துப் போட்டுக்கொண்டார். வரதன் வண்டியை விட்டு இறங்கி ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாது. அண்ணாவ நானே கொன்னுடுவேன். ரயில்ல போவோம். இல்லேன்னா போகவே வேண்டாம்."

வழியில் போன ஒரு மாட்டு வண்டிக்காரரும் நானும் சேர்ந்து சௌரி சாமியைத் தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றினோம். நான் கக்கத்தில் கை கொடுத்தேன். வண்டிக்காரர் காலைப் பிடித்தார். அப்போது சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. டயர் முடி

வண்டியை என் கடைக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை. டோ-இன் அளந்தேன், சரி. லீன் அவுட் அளந்தேன், சரி. ஆக்சில் நேர், புஷ் இறுக்கம், சேஸிஸ் நேர். சங்கர ராஜாவும் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"சரியா இருந்தா ஏன் தூக்குச்சு?" என்று அவரிடம் கத்தினேன். அவர் பாவம் என்ன செய்வார்?

தப்பு தெரிந்தது டயரில். புது டயரில் பூனை மீசைபோல் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட ஓட அது தேய்ந்துபோகும். சைடுகார் டயரில் இடது ஓரத்து முடி சுத்தமாக இல்லை. வலது ஓரத்து முடி அப்படியே கடையில் வாங்கியதுபோல் இருந்தது. அப்படியானால் இந்த டயர் வலது பக்கத் திருப்பத்தை மட்டும்தான் கண்டிருக்கிறது. கண்மாய்க்கு முன்னால் ஒரு தடவைகூட இடது பக்கம் வேகமாகத் திரும்பியதில்லை.

எப்படித் திரும்பும்? கோயிலைச் சுற்றித்தானே ஓட்டினோம். கோயிலை வலம் வருவதுதானே வழக்கம். இடமாக வருகிறவன் உண்டா? எனக்கோ வரதனுக்கோ அப்படி ஒரு யோசனையே வரவில்லை. கை தானாக வலது பக்கம் திருப்பியது. நாலு முனையும் வலது முனை. எத்தனை சுற்றுச் சுற்றினால் என்ன, சோதித்தது பாதி வண்டியைத்தான்.

இடது பக்கம் சைடுகார் இருக்கிற வண்டி வலது பக்கம் திரும்பும்போது பாரம் சைடுகாரில் இறங்கும், அசையாமல் நிற்கும். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வெளியே, வண்டிப் பக்கம் தள்ளும். சைடுகார் லேசாகி எழும்பும். அதிலும் சௌரி சாமி ஒல்லியான மனிதர். அவரைவிட அரிசி மூட்டை கனம்.

சங்கர ராஜா மில்லின் காயலான் இரும்புக் குவியலிலிருந்து ஒரு வார்ப்பிரும்புத் தகட்டைக் கொண்டுவந்தார். அதை சைடுகாருக்கு அடியில், வெளி ஓரமாக போல்ட் போட்டோம். ஸ்டெப்னி, பெட்ரோல் கேன், டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் அந்தப் பக்கமே வைத்தோம். கொஞ்சம் தேறியது. ஆனால் தகட்டை நம்பி மலை ஏற முடியாது.

6. எதிர்ச் சுற்று

வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வரதன் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வரதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சௌரி சாமிதான் கேட்டார்.

"அவ்வளவுதானா? இடது பக்கம் திரும்பினா எழும்பும். இது எனக்குத் தெரியுமே."

"என்ன சாமி தெரியும்?"

"இன்ஸ்டிட்யூட் சந்துல இடது பக்கம் வளைக்கறச்சே என் கை வண்டியும் இப்படித்தான் காலைத் தூக்கும். நான் அந்தப் பக்கமா சாய்ஞ்சுப்பேன், அடங்கிடும். சின்னப் பையனா இருக்கறச்சேலேர்ந்து இதானே பண்றேன்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அன்னைக்கு கண்மாய்ல ஏன் சாமி சாயல?"

அவர் குரல் உயர்ந்தது. "ஆடாம அசையாம உக்காருங்கன்னது யாரு? கைப்பிடி ஒண்ணு கிடையாது. கால் எனக்கு ஊனி நிக்காது. எதைப் பிடிச்சுண்டு சாயறது? வண்டியில இருக்கறவனை ஒரு வார்த்தை கேட்டேளா ரெண்டு பேரும்?"

கேட்கவில்லைதான். ராமையாவைக் கேட்டோம், லேத்காரரைக் கேட்டோம், கோழிக்குக்கூடக் காத்திருந்தோம்.

அன்றைக்கே சைடுகாரின் வெளி விளிம்பில் ஒரு குழாய்ப் பிடி வெல்டிங் வைத்தேன். மில்லில் ஓடித் தேய்ந்த கேன்வாஸ் பெல்ட்டை வெட்டி, தொடைக்கு மேல் இறுக்கிக் கட்டப் பட்டையும் போட்டேன். கை வண்டி சுற்றிச் சுற்றி அவர் கைகளுக்கு என்ன பலம் என்று பிடியைப் பற்றியபோதுதான் பார்த்தேன். குழாய் முறுகிவிடும் போலிருந்தது.

எங்கே சோதிப்பது? ஏதாவது மைதானத்துக்குப் போவோம் என்றேன். சௌரி சாமி மறுத்துவிட்டார்.

"எந்த நாலு முனையில ஏமாந்தோமோ அங்கேயே பார்த்துடுவோம். வரதன் கண்ணால பார்க்கணும்."

"அண்ணா, அப்பிரதட்சணமா? ஊர் என்ன சொல்லும்?" என்றார் வரதன்.

"ஊர் பத்ரிக்கு வரப்போறதில்லை."

விடிந்து வெயில் ஏறுவதற்கு முன் வண்டியை எடுத்தோம். வரதன் ஓட்ட மாட்டேன் என்று முனையில் டீக்கடையில் நின்றுகொண்டார். நான் ஓட்டினேன். வண்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பியதுமே எனக்கு உடம்பு கூசியது. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் செய்யாத காரியம். பூக்கூடையோடு வந்த ஒரு பெண் நின்று, "ஏய்யா, கண்ணு தெரியலையா ஒனக்கு? எந்தப் பக்கம் சுத்துத?" என்று சத்தம் போட்டாள். ஒரு பெரியவர் குடையை நீட்டி மறித்தார்.

"ஓய் சௌரி! நீருமா இதுக்கு உடந்தை? இடமாச் சுத்தறேளே, அபசாரம்!"

"தெரியும் மாமா. முடிச்சுட்டு அத்தனையையும் வலமாச் சுத்தி நேர் பண்ணிடறேன். தாயார் என்னைத் தெரியாதவளா? இப்ப வழி விடுங்கோ."

முதல் முனை வந்தது. நான் ஆக்சிலேட்டரைக் குறைக்கப் போனேன். "குறைக்காதேயும்!" என்று அதட்டினார். இடது பக்கம் திருப்பினேன். ஓரக்கண்ணில் பார்த்தேன். பிடியைப் பற்றி இடுப்புக்கு மேல் மொத்த உடம்பையும் வெளியே எறிந்துவிட்டார். தலை கிட்டத்தட்டச் சக்கரத்துக்கு மேலே தொங்கியது. குடுமி அவிழ்ந்து பறந்தது. சக்கரம் எழும்பப் பார்த்தது, எழும்பவில்லை. தரையிலேயே ஓடியது.

இரண்டாவது முனையில் இன்னும் வேகம். மூன்றாவதில் அவரே முன்கூட்டிச் சாய்ந்து, "ம்!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு நான் திருப்பினேன். யார் வண்டியை ஓட்டுகிறார்கள் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பயம் போய், இப்படியே வடக்கே விட்டு அடித்தால் என்ன என்று மனசு பறந்தது. டீக்கடை முனையில் நிறுத்தியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சும் வேட்டியும் வியர்வையில் நனைந்திருந்தன.

வரதன் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. கிளாஸை வைத்துவிட்டு வந்தார். என் தோளைத் தட்டினார். நான் இறங்கிக்கொண்டேன்.

"அண்ணா, நீ குரல் குடுத்தாத்தான் திருப்புவேன்," என்றார்.

"குடுக்கறேன். எடு."

இடமாகச் சுற்றிய அத்தனை சுற்றையும் பிறகு வலமாகச் சுற்றி முடித்தார்கள். வரதன் கணக்கு வாத்தியார் வேறு, ஒன்றுகூட விடவில்லை. நான் ஓட்டிய சுற்றையும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் கிளம்பினார்கள். வண்டி கண்ணை விட்டு மறையும்வரை ரோட்டில் நின்றேன். பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பும்போது எனக்கு ஜன்னல் சீட்கூடப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

7. அவர் சொன்னது

பள்ளிக்கூடம் திறந்து சில நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். நேராக என் கடைக்கு வந்தது வண்டி. சைடுகாரில் ஒரு பக்கம் நசுங்கல், மட்கார்டைக் கம்பியால் கட்டியிருந்தது, ஹெட்லைட் கண்ணாடி இல்லை. சௌரி சாமி கருத்துத் தோல் உரிந்துபோயிருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்த தோரணையே வேறாக இருந்தது. நான் முதலில் குனிந்து டயரைப் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது.

"மலை எப்பிடி சாமி?"

"ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வரதன் ரோட்டைப் பார்த்தான், நான் வளைவைப் பார்த்தேன். நாள் முழுக்கச் சாய்ஞ்சு சாய்ஞ்சு ராத்திரி விலா வலிக்கும். இது நான் சம்பாதிச்ச வலி ஓய்."

"பெருமாளப் பாத்தியளா?"

"பார்த்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டி கோயில் வரைக்கும் போகாது. பாலம், படி எல்லாம் உண்டு. கடைசியில ஒரு மலைக்காரன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இதுக்குத்தானா இவ்வளவு தூரம்னு ஒரு நிமிஷம் மனசு கசந்துபோச்சு. வேற வழியில்லை, ஏறிண்டேன். படிக்கட்டுல அவன் இடது பக்கம் திரும்பினான். என்னை அறியாம நானும் அந்தப் பக்கம் சாய்ஞ்சேன். அடுத்த திருப்பத்துலயும் அப்படித்தான். அவன் நின்னுட்டான். தலையைத் திருப்பி அவன் பாஷையில என்னமோ சொன்னான்."

"என்ன சொன்னான்?"

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். வண்டி மேல் உட்கார்ந்திருந்த வரதன்தான் சொன்னார். அவருக்கு இந்தி தெரியும்.

"'தினம் எத்தனையோ பேரைச் சுமக்கறேன். நீங்க கூடவே நடந்து வர்றேள்'னு சொன்னான்."

அந்த வண்டியில் நான் செய்த வேலையெல்லாம் சேர்த்தாலும் அந்த மலைக்காரரின் ஒரு பேச்சுக்கு ஈடாகாது. அதற்குப் பிறகு கடையை விடும்வரை ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வண்டி ரிப்பேருக்கு வந்தால் ஓட்டி வந்தவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வேன். பிறகு பின்னால் உட்கார்ந்து வந்தவரிடம் திரும்பி, "ஒங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். அநேகமாக அது மனைவியாகவோ அம்மாவாகவோ இருக்கும். ஓட்டி வந்தவருக்கு முகம் சுருங்கும். அவர்கள் முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். நான் காத்திருப்பேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் காத்திருக்க வந்தது.